கச்சி வீதிகள் – 14: பொம்மைக்காரத் தெரு

சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோயிலை ஒட்டிய அஸ்தகிரித் தெருவை ஊரார் பொம்மைக்காரத் தெரு என்றே அழைக்கிறார்கள். நவராத்திரிக்கு வெளியூர் போகும் கொலு பொம்மைகள் பிறக்கும் இடம் இது. இங்கே தனிப் பொம்மையைவிட ‘செட்’டுக்குத்தான் மதிப்பு. கருட சேவை செட் என்றால் பெருமாள், கருடன், குடை, தீவட்டி, மேளக்காரர், பாதந்தாங்கிகள் என ஒரு வீதி உலாவே பெட்டிக்குள் அடங்கிவிடும். 1979-க்குப் பிறகு 2019-இல் இதே கோயிலின் அத்திமரப் பெருமாளான அத்திவரதர் குளத்திலிருந்து எழுந்தருளி 48 நாள் காட்சி தந்தார். அந்த ஆண்டுக் கொலுவிலேயே சயனக் கோலமும் நின்ற கோலமும் பொம்மைகளாகிவிட்டன.

புராணக் காட்சியைச் சிறு உருவங்களாகக் கோக்கும் கலை ஐரோப்பாவிலும் உண்டு. ஜெர்மனியின் சாக்சனியை ஆண்ட அகஸ்டஸ் 1710-இல் மைசன் நகரில் பீங்கான் ஆலை அமைத்தார். அரண்மனை விருந்து மேசைகளில் அதுவரை சர்க்கரையால் செய்த தேவ உருவங்களே நின்றன. 1731-இல் ஆலையில் சேர்ந்த சிற்பி காண்ட்லரின் காலத்தில் அந்த இடத்தைப் பீங்கான் பிடித்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரவிவர்மா படங்களைத் தழுவி நம் தெய்வங்களையும் ஜெர்மானிய ஆலைகள் பீங்கானில் வார்த்து இங்கே அனுப்பின. செட்டிநாட்டு வீடுகளில் அவை இன்றும் இருக்கின்றன.

செய்முறையில் மைசன் பீங்கானும் காஞ்சிப் பொம்மையும் உறவுதான். முதலில் மூல உருவம், அதிலிருந்து அச்சு, அச்சிலிருந்து பாகங்கள், பிறகு ஒட்டு, வண்ணம். பீங்கானுக்குச் சூளை நெருப்பு வேண்டும். காஞ்சியின் காகிதக்கூழ் பொம்மைக்கு வெயில் போதும். அதனாலேயே மழைக்காலம் இங்கே வேலையை முடக்கிவிடுகிறது. கூழ் பொம்மை எடை குறைவு. மண் பொம்மைபோல் எளிதில் உடையாது. தலைமுறை தாண்டி நிற்கும்.

ஒன்றில்தான் பெரிய வேறுபாடு. மைசன் பீங்கானின் அடியில் நீல நிறத்தில் இரண்டு வாள்கள் முத்திரையாக நிற்கும். வடித்த சிற்பியின் பெயரையும் உலகம் அறியும். கருடனின் சிறகை வளைத்த நம் கைவினைஞரின் பெயர் பெரும்பாலும் எந்தப் பொம்மையிலும் இல்லை. வாங்கிய வீட்டுக்கும் தெரியாது. பெருமாளைச் சாதாரண வீட்டுக் கொலுப் படிக்கு அழைத்துவந்த கலைக்கு இது நியாயமல்ல.

இந்தப் புரட்டாசியில் செட் வாங்கும்போது, செய்தவர் யார் என்று கேளுங்கள். அவர் பெயரையும் ஆண்டையும் பொம்மையின் அடியில் எழுதி வையுங்கள். காஞ்சியின் கலை வரலாறு அங்கிருந்தும் எழுதப்படட்டும்.

(தொடரும்)