இரவுக் குருதி சொன்ன உண்மை

யானைக்கால் நோயின் நுண்புழுக்களை 1872-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் மனிதக் குருதியில் கண்டவர் திமோதி லூயிஸ் என்னும் மருத்துவர். ஆயினும், நோயுற்றோரின் குருதியில் அவை சில வேளை தென்படுவதும் சில வேளை மறைவதும் புதிராகவே இருந்தன.

சீனத்தின் அமாய் துறைமுகத்தில் பணியாற்றிய பாட்ரிக் மான்சன், இப்புழுக்கள் கொசுவின் உடலில் வளர்வதை 1877-இல் கண்டார். பின்னர் இரவும் பகலும் மாறிமாறிக் குருதியைச் சோதிக்கச் செய்தார். பகலில் அரிதாயிருந்த புழுக்கள் நள்ளிரவில் திரளாகக் காணப்பட்டன! பகலில் அவை நுரையீரலின் நுண்குழாய்களில் ஒடுங்கியிருப்பது பின்னாளில் விளங்கிற்று.

இதனாலன்றோ நம் ஊர்களில் சுகாதார ஊழியர் இரவில் வீடுதோறும் வந்து விரலில் குருதி எடுத்தனர். பகற்சோதனையை மட்டும் நம்பினால் நோய் மறைந்தே வளரும். பருத்துத் தடித்த காலை மருந்து பழைய நிலைக்குக் கொணராது.

இன்று, முதிர்ந்த புழு வெளியிடும் பொருளை எவ்வேளையிலும் காட்டும் சோதனைப் பட்டை வந்துள்ளது. எனினும், நேயர்களே, எதனைத் தேடுவது என்பதோடு எப்பொழுது தேடுவது என்பதும் அறிவே எனக் கற்பித்தது அந்த இரவுக் குருதிதான்.