செனாங் தீவிலிருந்து சிறைப் பள்ளி வரை

பத்ருப் போரில் பிடிபட்ட மக்காவாசிகள் சிலரிடம் மீட்புத்தொகை கொடுக்க வசதி இல்லை. அவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் செய்த ஏற்பாடு நம் மதரஸாப் பிள்ளைகளுக்கும் தெரியும். மதீனாப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தால் விடுதலை. ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 624இல், சிறையும் கல்வியும் இப்படி ஒன்று சேர்ந்தன. அந்தக் கைதிக்கு, தான் என்ன செய்தால் வீடு திரும்பலாம் என்பது தெரிந்திருந்தது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

ஏனென்றால், நம் சிங்கப்பூரில் 1960இல் தொடங்கிய பெரிய முயற்சி ஒன்று அந்த இடத்தில்தான் இடறியது. அன்று குண்டர் கும்பல்கள் பெருகியிருந்தன. விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டவர்களால் சாங்கிச் சிறை நிரம்பி வழிந்தது. சிறைகளை ஆராயும் குழுவுக்குத் தேவன் நாயர் தலைமை தாங்கினார். அவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பிரிட்டிஷ்காரர்களால் காவலில் வைக்கப்பட்டவர். பின்னாளில் நாட்டின் அதிபரானவர். கைதிகளைச் சுவருக்குள் பூட்டி வைக்காமல் ஒரு தீவில் வேலை செய்ய விட்டால் திருந்துவார்கள் என்று அந்தக் குழு நம்பியது. அப்படி அமைந்ததுதான் புலாவ் செனாங். செனாங் என்றால் மலாயில் சுகம் என்று பொருள்.

காடாகக் கிடந்த தீவில் கைதிகளே சாலை போட்டார்கள், கட்டடம் எழுப்பினார்கள். ஆயுதம் இல்லாத காவலர்கள் மேற்பார்வை பார்த்தார்கள். வெளிநாட்டினர்கூட வந்து பார்த்து வியந்தார்கள். ஆனால் அங்கே உழைப்பு இருந்த அளவுக்குப் படிப்பு இல்லை. விடுதலை எப்போது என்பதும் கைதியின் கையில் இல்லை. அதிகாரிகளின் மதிப்பீட்டைப் பொறுத்திருந்தது. கூடுதல் நேரம் வேலை செய்ய மறுத்த தச்சர்கள் 13 பேர் சாங்கிக்கே திருப்பி அனுப்பப்பட்டார்கள். சில நாளில், 1963 ஜூலை 12ஆம் தேதி, கலவரம் வெடித்தது. தீவின் கண்காணிப்பாளர் டேனியல் டட்டனும் காவலர்கள் சிலரும் கொல்லப்பட்டார்கள். 1965 அக்டோபரில் 18 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அத்தோடு அந்த முயற்சி முடிந்தது. இன்று அந்தத் தீவு ராணுவத்தின் துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சித் தளம்.

சிறையில் பாடம் நடத்துவது அதற்குப் பிறகும் நடந்தது, ஆனால் வெவ்வேறு சிறைகளில் சிதறிக் கிடந்தது. 2000ஆம் ஆண்டில்தான் படிக்க விரும்புகிறவர்களை ஒரே இடத்தில் சேர்த்து, காக்கி புக்கிட்டில் சிறைப் பள்ளி தொடங்கப்பட்டது. கல்வி அமைச்சின் ஆசிரியர்களே அங்கு வந்து பாடம் நடத்தினார்கள். வழக்கநிலை, சாதாரண நிலை, மேல்நிலை என்று வெளியே நம் பிள்ளைகள் எழுதும் அதே தேர்வுகள். சிறைக்கென்று இலேசான கேள்வித்தாள் கிடையாது. அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு வந்ததே இதனால்தான் என்பேன். 2011இல் பள்ளி தானா மேரா சிறைக்கு மாறியது.

கம்பிக்கு உள்ளே போகும் முன்பே பிடித்து நிறுத்தும் வேலையும் நடந்தது. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் தேறாத பிள்ளைகளுக்காக நார்த்லைட் பள்ளி 2007இல் திறக்கப்பட்டது. இதில் நம் சமூகத்துக்கும் ஒரு பழைய பங்கு உண்டு. ஜப்பானியர் காலத்தில் படிப்பு நின்றுபோன பிள்ளைகள் ஊரெங்கும் இருந்த 1946இல், கடையநல்லூர் முஸ்லிம் லீக் பெரியவர்கள் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள். பின்னர் அது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து 1982 வரை நடந்தது.

இன்று நம் சம்பளத்திலிருந்து மெண்டாக்கிக்கும் போகிறது, சிண்டாவுக்கும் போகிறது. பணம் கொடுப்பதில் நாம் குறை வைப்பதில்லை. பிள்ளை சீர்திருத்தப் பயிற்சிக்குப் போய்விட்டால் மட்டும், "தம்பி ஊருக்குப் போயிருக்கான்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிடுகிறோம். அதற்குப் பிறகு அவன் உள்ளே தேர்வு எழுதித் தேறினாலும் யாரிடமும் சொல்ல முடியாது. ஊரில் இருப்பவன் எப்படி இங்கே தேர்வு எழுதுவான்? பெற்ற தாய்க்கு மகனின் தேர்ச்சியைச் சொல்லிச் சந்தோஷப்படும் வாய்ப்பும் போய்விடுகிறது.

2004இல் அதிபர் எஸ்.ஆர். நாதன் தொடங்கி வைத்த மஞ்சள் ரிப்பன் திட்டம் இந்த மௌனத்தைக் குறிவைத்தே வந்தது. சிறிய குற்றங்களுக்கான பதிவு, ஐந்தாண்டுகள் தவறில்லாமல் இருந்தால் கழிந்ததாகக் கருதப்படும் ஏற்பாடும் அதையடுத்து வந்தது. வேலை கொடுக்க முன்வரும் முதலாளிகள் மஞ்சள் ரிப்பன் சிங்கப்பூர் அமைப்பில் பதிவு செய்துகொள்ளலாம். பெரிய நிறுவனமாக இருக்க வேண்டியதில்லை. ஆள் கிடைக்கவில்லை என்று சதா பேசிக்கொள்ளும் வியாபாரிகள் நம் சங்கத்தில் நிறையப் பேர் இருக்கிறோம். நேர்காணலுக்கு வரும் இளையரிடம் எங்கே படித்தாய் என்று கேட்டு, அவர் சிறைப் பள்ளி என்று சொன்னால், அடுத்த கேள்வி என்ன பாடங்களில் தேறினாய் என்பதாக இருக்கட்டும்.