பொன்முடியார் சொன்ன கடன்

போர்க்காலத்தில் ஒரு கல்லூரி மாணவரின் பந்தாட்டம் பற்றி எழுதித் தர வேண்டும் என்பது மலர்க் குழுவினரின் விருப்பம். பொன்முடிச் சாலையின் 22 கொண்டை ஊசி வளைவுகளுக்கு அடிவாரமான கல்லாற்றில் கால்பந்தின் பெருமையைப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். 1973 டிசம்பரில் எர்ணாகுளத்தில் நடந்த சந்தோஷ் கோப்பை இறுதியாட்டத்தில் கேரளத்தின் கேப்டன் மணி அடித்த மூன்று கோல்களையும் இவ்வூர்ப் பெரியவர்கள் நேற்று நடந்ததுபோல் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடலாம்.

அண்ணாந்தால் தெரிகிற மலையின் பெயரைத் தாங்கிய புலவர் ஒருவர் சங்க காலத்தில் இருந்தார். பொன்முடியார். மலைக்கும் அவருக்கும் உறவு நாட்ட வேண்டியதில்லை. பெயர் ஒன்றாக இருப்பதே நமக்குப் பேறு. புறநானூற்றில் 299, 310, 312 ஆகிய பாட்டுகள் அவருடையவை. வாகைத் திணையில் மூதின்முல்லைத் துறையில் அமைந்த 312ஆம் பாட்டு ஆறே அடி. ஒரு மகன் பொருட்டு யாருக்கு என்ன கடமை என்று தாய் ஒருத்தி அதில் பங்கிட்டு வைக்கிறாள். பெற்று வளர்ப்பது தன் பங்கு. தந்தை அவனைச் சால்புடையவனாக்க வேண்டும். கொல்லன் வேல் தர வேண்டும். அரசன் நல்வழி காட்ட வேண்டும். மகனோ களம் புகுந்து யானையை வீழ்த்திவிட்டு மீள வேண்டும். வகுப்பறையில் யானையோடு நிறுத்திவிடுகிறோம். ஆனால் கடைசி அடியில் ‘பெயர்தல்’ என்றொரு சொல் இருக்கிறது. திரும்பி வருதல் என்பது அதன் பொருள். வீரத்தைப் போலவே மீட்சியையும் மகனின் கடனாக வைத்த அந்தத் தாயுள்ளத்தை எத்தனை முறை எண்ணினாலும் நெஞ்சு நெகிழ்கிறது.

அந்தச் சொல்லுக்கு உரை எழுதியதுபோல் வாழ்ந்தவர் டாக்டர் தலிமெரென் ஆவ். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து அணித் தலைவர்.

1918 ஜனவரி 28 அன்று நாகா மலையின் சாங்கி கிராமத்தில் பிறந்தவர். தந்தை கிறித்தவப் போதகர். மகன் மருத்துவம் படித்துத் தம் மக்களுக்குத் தொண்டு செய்ய வேண்டும் என்பதே அவர் விட்டுச்சென்ற ஆசை. சான்றோனாக்கும் கடனை அந்தத் தந்தை அப்படி நிறைவேற்றினார் போலும். தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் நான்காம் அதிகாரத்தில் புனித பவுல் தம் வாழ்வை ஓடி முடித்த ஓட்டமாகச் சொல்கிறார். ஒரு போதகரின் வீட்டுப் பிள்ளை ஆட்டக்காரனாவதற்கு வேதத்தில் தடையில்லை.

குவாஹாட்டி காட்டன் கல்லூரியில் படித்தபின் 1942இல் கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார் ஆவ். இன்று ஆர்.ஜி. கர் என்று வழங்கும் கல்லூரி அதுதான். அடுத்த ஆண்டே மோகன் பகான் கால்பந்துக் கழகம் அவரை அழைத்துக்கொண்டது.

எப்படிப்பட்ட ஆண்டுகள் அவை! 1942 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் கல்கத்தாவில் குண்டு வீசின. மைதானத்தை ஊடறுத்துச் செல்லும் ரெட் ரோடு போர் விமானங்களின் ஓடுபாதையானது. 1943இல் வங்கப் பஞ்சம்; மாண்டவர்கள் 30 லட்சம் வரை இருக்கலாம் என்பது ஒரு கணக்கு. ராணுவத்தாரின் செல்லப் போட்டியான டூரண்ட் கோப்பை 1941 முதல் நின்றுபோயிருந்தது. 1941இல் தொடங்கிய சந்தோஷ் கோப்பையில் வங்காளம் டெல்லியை 5-1 என வென்றது. அதன்பின் இரண்டு பருவங்கள் அதுவும் நடக்கவில்லை. கல்கத்தா லீகோ விடாமல் நடந்தது. 1943, 1944 இரண்டிலும் மோகன் பகானே வாகை சூடியது. பட்டினியால் சாய்ந்தவர்கள் கிடந்த நகரத்தில்தான் அந்த மருத்துவ மாணவர் பாடமும் படித்தார், பந்தும் ஆடினார். பஞ்சத்தில் பந்தாட்டமா என்று கேட்கலாம். துயரத்தில் ஆழ்ந்த ஊருக்கு மாலையில் கூடி நின்று ஆரவாரிக்க ஓரிடம் வேண்டியிருந்தது என்பதே இக்கட்டுரையாளரின் எண்ணம்.

திருவிதாங்கூரும் அந்தப் போரை வயிற்றால் அறிந்தது. 1942இல் பர்மா வீழ்ந்ததும் அரிசி வரத்து அறுந்தது. ரேஷன் வந்தது. மரவள்ளிக்கிழங்கு உயிர் காத்தது.

ஆவ் போருக்குப் போகவில்லை. போர் அவருடைய மலைகளைத் தேடி வந்தது. 1944 ஏப்ரல் 4 முதல் ஜூன் 22 வரை கோஹிமாவில் நடந்த சண்டையில், துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் திடலே போர்முனை. திடலின் இரு பக்கமும் பதுங்கு குழிகள். நடுவே கையெறி குண்டுகள் பறந்தன. பந்து பறக்க வேண்டிய இடம் அது. இன்று அங்கே போர்க் கல்லறைத் தோட்டம், 1,420 கல்லறைகள். எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர் 917 பேருக்குத் தனி நினைவுச் சின்னமும் உண்டு.

பந்தைத் தமிழர் பழகியதும் நெடுங்காலமாகத்தான். சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் பந்தடித்துப் பாடும் கந்துகவரி வருகிறது. சீவக சிந்தாமணியில் விமலையின் பந்து தெருவில் உருண்டு சீவகன் முன் வந்து விழ, அங்கே ஒரு காதல் தொடங்குகிறது. குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லியின் பந்தாட்டத்தைச் சுவைக்காத தமிழர் யார்? அவையெல்லாம் மகளிர் கைப்பந்து. நம் பெண்பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர் இவ்விலக்கியங்களை ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டுகிறோம்.

போர் முடிந்தது. 1948இல் லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் மூவண்ணக் கொடியை ஏந்தி நடந்தவர் ஆவ். அந்த அணியோடு போனவர்களில் நம் திருவல்லா பாப்பனும் உண்டு. ஜூலை 31 அன்று பிரான்சோடு ஆட்டம். நம்மவரில் பெரும்பாலோர் வெறுங்காலில் ஆடினார்கள். பிரான்ஸ் முந்தியது, சாரங்கபாணி ராமன் சமன் செய்தார். கிடைத்த இரண்டு பெனால்டிகளும் கை நழுவின. ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்ஸ் இன்னொரு கோல் போட, 2-1 என்று தோற்றோம். ஆயினும் அந்த வெறுங்கால்களை லண்டன் வியந்து பார்த்தது.

ஆவ் 1950இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பட்டம் பெற்றவர் பெருநகரத்தில் தங்கியிருக்கலாம். மலைக்குத் திரும்பினார். கல்லாற்றிலிருந்து படிக்கப் போகும் பிள்ளைகள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்: ஆடுங்கள், படியுங்கள், ஊருக்கு வாருங்கள். நாகாலாந்தின் சுகாதாரத் துறை இயக்குநராக உயர்ந்து 1978இல் ஓய்வு பெற்ற அவர் 1998 செப்டம்பர் 13 அன்று மறைந்தார். கல்லறைகளுக்கு நடுவே டென்னிஸ் திடலின் வெண்கோடுகள் இன்னும் தெரிகிற கோஹிமாவில்தான், அரசு மருத்துவமனையில் அவர் நோயாளிகளைப் பார்த்தார்.