வாத்தியார் பென்ஷன்

நவம்பர் வந்தால் எங்கள் நாக்பூர் கிளையில் லைஃப் சர்ட்டிஃபிகேட் கூட்டம். ரிட்டயர்டு வாத்தியார்களைப் பார்த்தால் எனக்குத் தாத்தா ஞாபகம் வந்துவிடும்.

அவர் உதவிபெறும் பள்ளி ஆசிரியர். ஓய்வுபெற்றபோது பென்ஷன் கிடையாது, பி.எஃப். மட்டும்தான். அந்த நாளில் தென்னிந்திய ஆசிரியர் சங்கம் உறுப்பினர்களுக்காகத் தானே ஒரு பாதுகாப்பு நிதி நடத்தியது. 1955-ல்தான் சென்னை ராஜ்யம் இவர்களுக்கு பி.எஃப்., இன்ஷூரன்ஸ், பென்ஷன் என மூன்றையும் சேர்த்துக் கொடுத்தது. அப்பாவுக்கு அது கிடைத்தது.

பென்ஷன் என்பது தயவு அல்ல, உரிமை என்று நகரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1982 டிசம்பர் 17-ல். ஆனால் தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 முதல் வேலையில் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்புத் திட்டம் வந்தது. அந்த ஜூலையில் சலுகைக் குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த ஆசிரியர்களும் அரசு ஊழியர்களுமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள்.

ஊரில் வாத்தியார் வேலை பார்க்கும் தம்பி, தங்கை இருந்தால் ஒன்று கேளுங்கள்: எந்த வருஷம் சேர்ந்தாய்?