காரைக்கால் பழைய வீடுகள் பகரும் வரலாறு

அறபு மொழியில் ‘பைத்’ என்னும் சொல்லுக்கு வீடு என்பதும் பொருள். செய்யுளடி என்பதும் பொருள். நம் திருமண வீடுகளில் பைத்து ஓதும் சிறுவர்களும் இச்சொல்லை அறிவர். அறபு யாப்பிலக்கணத்தின் குறியீடுகள் பலவும் கூடாரத்தின் உறுப்புகளிலிருந்தே பிறந்தன. கயிறு ‘ஸபப்’ ஆயிற்று. முளை ‘வதத்’ ஆயிற்று. அரையடிக்கு வழங்கும் ‘மிஸ்ராஉ’ என்னும் பெயர் இரட்டைக் கதவின் ஒரு பக்கக் கதவைக் குறிப்பது. எனவே, வீட்டையும் செய்யுளைப் போல் படிக்கலாம் என்பது நம் துணிபு. காரைக்காலில் எஞ்சியுள்ள பழைய மரைக்காயர் வீடுகளை அவ்வாறே படித்துப் பார்ப்போம்.

தெருவை ஒட்டித் திண்ணை; அதற்கு நிழலாக மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரம். அதனைக் கடந்தால் நடை. நடைக்கு அப்பால் வானம் தெரியும் முற்றம். அதனைச் சுற்றிக் கூடமும் அறைகளும். பின்னே பெண்டிர் புழங்கும் கட்டும் கிணறும். இது தமிழகத்தின் பொதுவான மனையமைப்பே. ஆயினும், பிறர் வீட்டினுள் அனுமதி பெற்று ஸலாம் உரைத்தே நுழைதல் வேண்டுமென அந்-நூர் அத்தியாயத்தின் 27-ஆம் வசனம் விதிக்கும் ஒழுக்கத்திற்கு இவ்வமைப்பு எத்துணைப் பொருத்தமாயிற்று! விருந்தினர் திண்ணையில் காத்திருப்பர். அவர்தம் பார்வை நடையோடு நின்றுவிடும். முற்றமோ, உள்ளிருப்போர்க்கு வெளிச்சமும் காற்றும் வழங்கி, வெம்மையை மேலே போக்கிவிடும்.

1738-இல் தஞ்சை மராட்டிய அரசர் ஸாஹுஜியுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் வழியே, 1739-இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. இடையிடையே ஆங்கிலேயர் கைப்பற்றிய இவ்வூர், 1817-இல் மீண்டும் பிரெஞ்சுக்காரரிடமே சேர்ந்தது. இந்த ஆட்சியின் சுவடு வீடுகளின் மாடியில் தெரிகிறது. கீழே தமிழ்த் திண்ணையும் மரத்தூணும். மேலே வளைவுச் சன்னல்களும் சுண்ணாம்புச் சுதை பூசிய தூண்களும். இக்கலப்பிற்குப் பழைமையான சான்று, புதுச்சேரியில் துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) வாழ்ந்த மாளிகை. நம்மவரும் அந்நிய அழகை மாடிக்கு ஏற்றுக்கொண்டனர். வீட்டின் உள்ளொழுங்கை மாற்றிக்கொண்டாரில்லை. கொள்வது எது, காப்பது எது என்று அவர்கள் தெளிந்திருந்தனர்.

இவ்வீடுகளை எழுப்பிய செல்வம் கடல் கடந்து வந்தது. பிரெஞ்சுக்காரர் 1859-இல் சைகோனைப் பிடித்து, 1862-இல் கொச்சின்சீனாவைத் தம் குடியேற்றமாக்கிய பின்னர், காரைக்கால் முஸ்லிம்கள் துணி வணிகராய் அங்குச் சென்றனர். தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-இல் கட்டிய பள்ளிவாசல் அந்நகரின் நடுவே இன்றும் நிற்கிறது. ஆடவர் ஆண்டுக்கணக்கில் அயல்நாட்டில் இருக்க, இல்லத்தை நடத்தியவர் பெண்டிரே. மரைக்காயர் ஊர்கள் பலவற்றில் மணமகளுக்கு வீடு வழங்குவதும், மணமகன் பெண் வீட்டில் வந்து வாழ்வதும் வழக்கமாயிருந்ததை எண்ணுக. ஆகவே, இவ்வீடுகள் வணிகரின் வரலாறு மட்டுமல்ல; நம் தாய்மாரின் வரலாறும் ஆகும்.

1954 நவம்பர் முதல் நாள் காரைக்கால் இந்திய நிருவாகத்தின்கீழ் வந்தது. 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தவரும் உளர். 1975-இல் சைகோன் வீழ்ந்ததும் அங்கிருந்த வணிகமும் முடிவுற்றது. வாரிசுகள் பல நாடுகளில் வாழ்கின்றனர். வீட்டிலோ பூட்டுத் தொங்குகிறது. உப்புக்காற்றில் சுவர் உதிர்ந்தால், சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்ட் பூசுகின்றனர். அது ஈரத்தை உள்ளே அடைத்துச் சுவரை மேலும் கெடுக்கிறது. இறுதியில், “பங்கு பிரிக்க வேண்டும், இடித்துவிடுவோம்” என்கின்றனர்.

பங்கு கொடுத்தல் கடமை, அதில் ஐயமில்லை. ஒரு சகோதரியின் பங்கை மறுத்துக் காக்கப்படும் மாளிகையில் பரகத் இராது. ஆனால் பராயிள் சட்டம் பங்கின் அளவைத்தான் வரையறுக்கிறது. சுவரை இடிக்கச் சொல்லவில்லை. வாரிசுகளுள் ஒருவர் தம் பங்கிற்கு ஈடாக உரிய பொருளைப் பெற்று விலகிக்கொள்வதைப் ‘தகாருஜ்’ என நம் பிக்ஹு நூல்கள் விரித்துரைக்கின்றன. அனைவரும் மனமொப்பினால், அவ்வழியே வீடு ஒருவர் கையில் நிலைபெறலாம். புதுச்சேரி வைசியாள் வீதியின் வீட்டு முகப்புகள் பழைய வடிவில் சீரமைக்கப்பட்டு, 2008-இல் யுனெஸ்கோவின் விருதினைப் பெற்றமை, மனமிருந்தால் மார்க்கமுண்டு என்பதைக் காட்டும்.

காக்கவே இயலாத வீடுகளும் உண்டு. அவற்றை இடிப்பதற்கு முன்னரேனும், அளவெடுத்து வரைபடம் தீட்டுக. தூணையும் நிலைப்படியையும் படம் பிடித்து வைக்க. பரணில் கிடக்கும் அறபுத்தமிழ் ஏடுகளையும் கணக்குப் புத்தகங்களையும் பழைய தாளென எடைக்குப் போடாது நூலகத்தில் சேர்க்க. வீட்டின் மூத்த பெண்மணியிடம் கேட்டு, எந்த அறையில் யார் வாழ்ந்தார் என்பதை எழுதி வைக்க. நம் முன்னோர் கடலில் எழுதிய வரலாறு அலையோடு போயிற்று. தரையில் எழுதியது இதுவே. படித்து முடிக்காத பைத்தை அழிப்பது அறிவுடையோர் செயலன்று.