“குழி எங்க இரிக்கி சேர்?”

ஊர்ச் சகோதர சகோதரிகளுக்கு ஒரு வரலாற்றுக் குறிப்பு. கொஞ்சம் நீளம். விசயமும் அப்படிப்பட்டது, அதனால் சாப்பிட்டு முடித்த பிறகு வாசியுங்கள்.

பெருநாளைக்கு இரண்டு நாள் இருக்கும்போது எங்கள் வீட்டு மலசலகூடம் அடைத்துக்கொண்டது. ஊற்றிய தண்ணீர் கீழே போகாமல் மேலே வந்தது. நான்கு பேருக்குப் போன் அடித்து ஒரு பிளம்பர் பாஸைப் பிடித்தேன். வந்தவர் பையைக் கீழே வைக்கும் முன்பே கேட்டார்: “குழி எங்க இரிக்கி சேர்?”

நான் மனைவியைப் பார்த்தேன். அவர் என் உம்மாவைப் பார்த்தார். வீட்டைக் கட்டிய வாப்பா மௌத்தாகிப் பல வருடம். ஒல்லாந்தர் திருகோணமலைக் கோட்டையைப் பிடித்தது 1639 என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவன் நான். என் வீட்டுக் குழி எங்கே என்று எனக்குத் தெரியவில்லை.

ஒல்லாந்தரைச் சும்மா இழுக்கவில்லை. நாம் வாய்கூசிச் சொல்லும் ‘கக்கூஸ்’ அவர்கள் விட்டுப்போன சொல். டச்சு மொழியில் ‘காக்ஹௌஸ்’, ‘ஹௌஸ்’ என்றால் வீடு. கந்தோர், நொத்தாரிசு, கேத்தல் எல்லாம் அதே கப்பலில் வந்தவை. காலிக் கோட்டைக்குள் அவர்கள் கட்டிய கழிவுக் கால்வாய்களில் கடல் ஏறும்போது தண்ணீர் புகுந்து அழுக்கை இழுத்துக்கொண்டு போகும். கோட்டைக்குள் இருந்தவர்களுக்கு அந்த வசதி. வெளியே இருந்தவர்களுக்குக் காடும் கடற்கரையும்தான்.

ஆங்கிலேயர் காலத்தில் நகரங்களுக்கு வாளி வந்தது. மலசலகூடத்தின் பின்பக்கம் ஒரு சின்னக் கதவு, அதற்குள் ஒரு வாளி. விடியுமுன் ஒருவர் பின் ஒழுங்கையால் வந்து அதை எடுத்துக்கொண்டு போவார். இந்த வேலைக்கென்றே தென்னிந்தியாவிலிருந்து, சாதியால் ஒடுக்கப்பட்ட மக்களை நகரசபைகள் கொண்டுவந்து வரிசை வீடுகளில் குடியமர்த்தின. அப்பன் செய்த வேலை மகனுக்கும் வந்தது. 1948 குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரை நாடற்றவர்களாக்கியபோது அதில் இவர்களும் அகப்பட்டார்கள். அந்தக் காலத்து வீட்டுக்காரருக்குத் தன் கழிவு எங்கே போகிறது என்று தெரியத் தேவையிருக்கவில்லை. தெரிந்த மனிதரின் முகத்தை அவர் பார்த்ததுமில்லை.

தோட்டங்களில் வாளியும் இல்லை. 1916 இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் மன்றத்தார் மாத்தளைத் தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினார்கள். மலம் கலந்த மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் பாதத்துத் தோலைத் துளைத்து உள்ளே போகும் புழு அது. குடலில் இருந்து இரத்தத்தைக் குடிக்கும், ஆள் வெளிறிச் சோர்ந்துவிடுவார். மருந்து கொடுத்துக் குணமாக்கினார்கள். குணமானவர் திரும்ப அதே மண்ணில் நடந்தார், புழு திரும்ப வந்தது. மலசலகூடம் கட்டச் செலவாகும் என்று தோட்டத் துரைமார் பின்னடித்தார்கள். 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி தொடங்கியது, மருந்தோடு மட்டும் நிற்காமல் வீட்டையும் கிணற்றையும் மலசலகூடத்தையும் பார்க்கும் முறைக்கு அது வழிகாட்டியது. இன்று எங்கள் வாசலுக்கு வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அந்த வழியில் வந்தவர்.

பிறகு நீரடைப்பு மலசலகூடம் பரவியது. பேனுக்குக் கீழே ஒரு வளைவு, பாஸ்மார் ‘ட்ரெப்’ என்பார்கள். அதில் எப்போதும் ஒரு கோப்பை தண்ணீர் நிற்கும். மணமும் பூச்சியும் அதைத் தாண்டி வராது. லண்டனில் கடிகாரம் செய்த அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் 1775 இலேயே இந்த வளைவுக்குக் காப்புரிமை எடுத்துவிட்டார். தண்ணீர் ஊற்றிக் கழுவும் நமக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. யுத்த காலத்தில் பூட்டிக்கிடந்து பிறகு திறந்த வீடுகளில் ஒரு மணம் அடித்ததே, ஞாபகமா? வளைவில் நின்ற தண்ணீர் வற்றியிருக்கும். ஒரு வாளி ஊற்றினால் பாதிப் பிரச்சினை முடிந்தது.

வாளி போனது நல்லது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த வளைவு மூக்கை மட்டுமே காப்பாற்றும். மணம் இல்லாததால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிட்டோம். கழிவு நம் காலடி மண்ணுக்குள்தான் போகிறது.

1854 இல் லண்டன் புரோட் வீதியில் கொலரா வந்து 600 பேருக்கு மேல் இறந்தார்கள். நோய் அங்கிருந்த ஒரு பம்புக் கிணற்றிலிருந்து வருகிறது என்று வைத்தியர் ஜோன் ஸ்னோ காட்டினார். கிணற்றுக்குள் அது எப்படி வந்தது என்பதைத் தேடிக் கண்டவர் ஹென்றி வைட்ஹெட் என்ற உள்ளூர்ப் பாதிரியார். பக்கத்து வீட்டில் ஒரு கைக்குழந்தைக்கு வயிற்றோட்டம். தாய் துணிகளை அலசி அந்தத் தண்ணீரை வீட்டுக் குழியில் ஊற்றியிருக்கிறாள். குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் மூன்று அடிகூட இல்லை, குழியின் செங்கல் உக்கிப்போயிருந்தது. அந்தத் தாய் ஒரு தவறும் செய்யவில்லை. குழி எங்கே, கிணறு எங்கே என்று சேர்த்துப் பார்க்க அங்கே ஆளில்லை.

இப்போது எங்கள் கணக்குக்கு வருவோம். குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் பொதுவாகச் சொல்லப்படும் தூரம் 15 மீற்றர், ஏறக்குறைய 50 அடி. பத்துப் பேர்ச் காணி சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 52 அடிதான் வரும். வாப்பாவின் காணியைப் பிள்ளைகள் பங்கிட்டு, ஒவ்வொருவரும் ஒரு குழி வெட்டினால் 50 அடிக்கு எங்கே போவது? மண் மணலாக இருந்தால் தண்ணீர் இன்னும் சுலபமாக ஊறிப்போகும். குடிக்கக் குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது, சரி. வுழூ எடுப்பதும் மரக்கறி கழுவுவதும் எந்தத் தண்ணீரில்? பிக்ஹுக் கிதாபுகளைத் திறந்தால் முதல் பாடமே தஹாரத், அதில் முதலில் வருவது தண்ணீர்.

பாஸ் இரும்புக் கம்பியால் தட்டித் தட்டிப் பார்த்து, கடைசியில் நாங்கள் பிறகு இழுத்துக் கட்டிய குசினிக்குக் கீழே குழியைக் கண்டுபிடித்தார். மூடி சீமெந்துக்குள். அடைத்திருந்தது பெம்பர்ஸ், அது பேத்தியின் கைங்கரியம். உடைத்து, எடுத்து, சரிசெய்ய ஒரு பகல் போனது. கூலியைக் கேட்டதும் குறைக்கச் சொல்லி வாய் உன்னியது. அவரின் கையைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

போகும்முன் அவராகவே டேப்பை எடுத்து, குழியிலிருந்து பக்கத்து வீட்டுக் கிணறுவரை பிடித்தார். 31 அடி. ஒன்றும் சொல்லாமல் டேப்பைச் சுருட்டினார்.

அன்று அஸருக்குப் பிறகு பக்கத்து வீட்டாரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். தன் குழியிலிருந்து எங்கள் கிணற்றுக்கு எவ்வளவு என்று பார்க்க டேப்பைக் கேட்டார். இரண்டு பேருமாக இரண்டு காணியின் எல்லா மூலையையும் அளந்தோம். 50 அடி எங்கும் கிடைக்கவில்லை, ஆகக் கூடியது 44. அதனால் இரண்டு வீட்டுக்கும் அடி பூசிய தொட்டியாகக் கட்டி, நிரம்ப நிரம்பக் கல்லி பவுசரைக் கூப்பிடுவது என்று முடிவெடுத்திருக்கிறோம். அதே பாஸ் அடுத்த மாதம் வருகிறார், இன்ஷா அல்லாஹ்.