உப்பளம் உரைக்கும் வரலாறு

வட சிலாங்கூரின் சுங்கை பஞ்சாங் வட்டாரம் நெல்வயலும் செம்பனைத் தோட்டமும் சூழ்ந்தது. மேற்கே கடல் உண்டு. ஆயினும் கரையில் உப்பளம் இல்லை. ஆண்டு முழுதும் பெய்யும் மழையும் ஈரக் காற்றும் கடல்நீரை வெயிலில் வற்ற விடுவதில்லை. ஆதலின், இங்குள்ள மாணவனுக்கு நெய்தல் திணையின் உப்பு விளைநிலம் ஏட்டில் மட்டுமே உள்ள சொல்லாக நின்றுவிடுகிறது. ஆனால், இந்நாட்டுத் தோட்டத் தொழிலாளர் பலரின் முன்னோர் கப்பலேறிய நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, வேதாரணியத்தில், அச்சொல் இன்றும் வெண்ணிறப் பரப்பாக விரிந்து கிடக்கிறது.

உப்பு ‘விளைகிறது’ என்பதே தமிழ் வழக்கு. பாத்தி, வரப்பு, விளைச்சல் என உழவுக்குரிய சொற்களே உப்பளத்துக்கும் உரியன. நெல்லும் உப்பும் ஒன்றற்கொன்று மாற்றாகக் கொள்ளப்பட்ட காலமும் உண்டு. வெள்ளுப்பை விற்று நெல்லேற்றி வந்த படகுகளைப் பட்டினப்பாலை காட்டுகிறது. உப்பு வண்டிகளோடு குடும்பமாக ஊர் ஊராகச் சென்ற உமணரைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. நெல்வயலைக் கண்டு வளர்ந்த சிறுவனுக்கு உப்பளத்தை விளக்க இதனினும் நல்ல வாயில் இல்லை. ஒன்றே வேறுபாடு: நெல் மழையை நாடும், உப்பு மழையை அஞ்சும்.

உப்பு விளைவிப்பது எளிய தொழிலன்று. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புப் பொருள்களே உள்ளன. உவர்நீரைத் தேக்கி, பாத்திக்குப் பாத்தி மாற்றி, வெயிலில் செறிவூட்டுவர். முதலில் ஜிப்சம் படியும். பின்னரே உப்பு படியும். எஞ்சிய நீரை உரிய வேளையில் வடிக்காவிடின் மக்னீசிய உப்புகள் கலந்து கசப்பேறும். அவ்வேளையை அறிவதே தொழிலாளரின் கல்வி. அது தந்தையிடமும் தாயிடமும் பிள்ளைகள் பார்த்துக் கற்ற கல்வியாகும்.

இந்நிலம் விடுதலை வரலாற்றிலும் இடம் பெற்றது. 1882ஆம் ஆண்டு உப்புச் சட்டத்தின்படி, அரசின் இசைவின்றி உப்பெடுப்பது குற்றமாக இருந்தது. அதனை எதிர்த்து இராஜாஜி 1930 ஏப்ரல் 13இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து தொண்டர்களுடன் நடைப்பயணம் தொடங்கினார். தொண்டர்க்கு உணவளிப்போர் தண்டிக்கப்படுவர் என ஆட்சியாளர் அறிவித்தனர். மக்களோ உணவுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டி வைத்துப் பசி தீர்த்தனர். ஏறத்தாழ 150 மைல் நடந்து வேதாரணியம் அடைந்த இராஜாஜி, ஏப்ரல் 30இல் அகத்தியம்பள்ளியில் உப்பெடுத்துக் கைதானார். அங்கு நினைவுத்தூண் நிற்கிறது.

உப்புத் தொழிலின் தடங்களை மரபுச் செல்வமாகப் போற்றும் நாடுகள் பல. போலந்தின் வியலிச்கா உப்புச் சுரங்கம் 1978இலும், பிரான்சின் ஆர்க் எ செனான் உப்பாலை 1982இலும் உலக மரபுச் சின்னங்களாயின. சுலோவேனியாவின் செசோவ்லியே உப்பளத்தில் பழைய முறையில் உப்பு வாரப்படுகிறது. அருகிலேயே அருங்காட்சியகமும் உண்டு. வேதாரணியத்துக்கும் அத்தகுதி உண்டு. அதன் பெருஞ்சதுப்பு நிலத்தை உள்ளடக்கிய கோடியக்கரைச் சரணாலயம், 2002இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. பூநாரை முதலிய பறவைகள் அங்கு வலசை வருகின்றன. நினைவுத்தூண், பறவைகள், உப்பளம் ஆகிய மூன்றும் ஒரே வட்டாரத்தில் அமைந்தமை அரிது.

எனினும், ஓர் எச்சரிக்கை வேண்டும். சுற்றுலாப் பயணியின் கண்ணுக்கு உப்புக் குவியல் அழகு. தொழிலாளியின் கண்ணுக்கு அதன் ஒளி எரிச்சல். உவர்நீரில் நாளெல்லாம் நின்ற பாதம் வெடிக்கும்; மழைக்காலத்தில் வேலையும் கூலியும் இரா. தூணையும் பறவையையும் காட்டி, உழைப்பவரை மறைத்தால் அது மரபுப் பாதுகாப்பாகாது. அவர்தம் வாழ்வு செம்மையுறுவதே அதன் முதற்பணியாகும்.

இவ்வரலாறு வட சிலாங்கூர் வகுப்பறைக்கும் எட்டாததன்று. ஆசிரியர் அகன்ற தட்டில் கடல்நீரை வற்றவைத்து, எஞ்சியதை மாணவரை நிறுக்கச் செய்யலாம். சரவாக்கின் பாரியோ மேட்டுநிலத்தில் கெலாபிட் மக்கள் ஊற்றின் உவர்நீரை விறகடுப்பில் காய்ச்சி உப்பெடுப்பதையும் ஒப்பிட்டுக் காட்டலாம். தமிழகம் செல்லும் கல்விச் சுற்றுலாவில் கோயில்களோடு வேதாரணியத்தையும் சேர்க்கலாம்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது முதுமொழி. அந்த உப்பை விளைத்தவரையும் நினைக்கக் கற்பிப்பது தமிழாசிரியர் கடனாகும்.